பிள்ளையோடு பத்து நிமிடம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



விழா மேடைக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், சீனி குறைத்த தேநீர் என்று பேச்சுப் போவது வழக்கம். இன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு கொடுப்போம். நாம் பேசப்போவது ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி. பத்து நிமிடத்தில் முடியும் ஒரு விளையாட்டு. அதைப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவது பற்றியும், அதற்கும் எங்கள் வைத்தியசாலை வாட்டுக்கும் என்ன தொடர்பு என்பது பற்றியும் சொல்ல இருக்கிறது.

தொடர்பை முதலில் சொல்லிவிடுவோம். வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு நாளில் அதிகம் கேட்கும் கேள்வி, "ஏன் இதை முன்னமே சொல்லவில்லை?" என்பதுதான். மூன்று நாள் வயிற்றுநோவைப் பொறுத்துக்கொண்டிருந்து, குடல்வளரி வெடித்த பிறகு கொண்டுவரப்படும் பிள்ளையிடம் கேட்கிறோம். காலில் புண் பழுத்து விரல் கறுத்த பின் வரும் ஆச்சியிடம் கேட்கிறோம். தலையிடியும் கால்வீக்கமும் இருந்தும் கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருந்த கர்ப்பிணியிடம் கேட்கிறோம். கிடைக்கும் பதில்கள் எல்லாம் ஒரே சாயல். "ஏசுவாங்க எண்டு பயந்திட்டன்." "சோதினை முடியட்டும் எண்டு இருந்தன்." "மற்றவங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு நினைச்சன்." படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வருகிறவர்களுக்குப் பாதை பிந்துவதும் உண்டு. ஆனால் பாதை பிந்தியதைவிட வாய் திறக்கப் பிந்தியதால் வந்து சேரும் துன்பம் பெரிது. அதிலும் பெண்பிள்ளைகளே கூட. நோவைச் சொல்லாமல் பொறுத்தால் நல்ல பிள்ளை என்று நாமேதான் பெயர் கொடுத்து வளர்க்கிறோம்.

"எனக்கு ஏலாமல் இருக்கு, வாங்க" என்று உரிய நேரத்தில் சத்தமாகச் சொல்லவும், அப்படிச் சொல்பவர் சிறியவரானாலும் பெரியவர் காது கொடுக்கவும் எங்கே பழகுவது? பாடப்புத்தகத்தில் அது இல்லை. அறிவுரையால் வருவதுமில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வழியாக அமைந்தது இந்த விளையாட்டு.

எங்களோடு இங்கே படித்த தோழி ஒருத்தி, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது சொக்லேட்டுக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். அப்போது எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. விளையாட்டின் பெயர் 'எஸ்கேப்'. நோர்வே நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் அமுண்ட்சன் ஓஸ்ட்பி என்பவர் ஆக்கியது. 2012இல் வெளிவந்தது. சாபம் பிடித்த பழைய கோயில் ஒன்றுக்குள் எல்லோரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அது இடிந்து விழுவதற்குப் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் அறை அறையாகத் திறந்து, வாசலைக் கண்டுபிடித்து வெளியேற வேண்டும். கதை இவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த தாயம், லூடோ, பாம்பும் ஏணியும் எல்லாவற்றிலும் முறை உண்டு. ஒருவர் உருட்டும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதிலோ முறை என்பதே கிடையாது. ஆளுக்கு ஐந்து கட்டைகள். மேளம் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில், தத்தம் வேகத்தில், உருட்டிக்கொண்டே இருக்கலாம். கட்டையின் முகங்களில் புள்ளிகளுக்குப் பதில் படங்கள்: நடக்கும் மனிதன், தீப்பந்தம், சாவி, பொன் முகமூடி, கறுப்பு முகமூடி. அறைக்குள் நுழைய, அந்த அறையில் காட்டியிருக்கும் படங்கள் விழ வேண்டும். கறுப்பு முகமூடி விழுந்தால் அந்தக் கட்டை பூட்டிக்கொள்ளும். அதை மறுபடி உருட்ட முடியாது. பொன் முகமூடி விழுந்தால் பூட்டிய கட்டைகள் இரண்டை விடுவிக்கலாம். அவை சொந்தக் கட்டைகளாகவும் இருக்கலாம், அதே அறையில் நிற்கும் மற்றவருடையவையாகவும் இருக்கலாம்.

விளையாட்டின் உயிர் இங்கேதான். ஐந்து கட்டையும் கறுப்பாகிவிட்டால் அவரால் ஒன்றுமே செய்ய முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. இன்னொருவர் பொன் முகமூடியோடு அவர் நிற்கும் அறைக்கு வர வேண்டும். வருவதற்கு அவருக்குத் தெரிய வேண்டும். தெரிவதற்கு இவர் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இருந்தால் அந்த அறையிலேயே இருக்க வேண்டியதுதான். ஒருவர் உள்ளே அகப்பட்டாலும் எல்லோருக்கும் தோல்வி. முதலில் வெளியேறுகிறவருக்குப் பரிசு ஏதும் இல்லை. அவர் தம் கட்டைகளில் ஒன்றை உள்ளே நிற்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நடுவில் இரண்டு தடவை சேகண்டி அடிக்கும். கதவு மூடுவதற்குள் எல்லோரும் தொடங்கிய அறைக்கு ஓடிவந்துவிட வேண்டும். வராதவருக்கு ஒரு கட்டை பறிபோகும். சில அறைகளில் மணிக்கற்களை எடுக்க ஒரே படம் பத்து வேண்டும். ஒருவரிடம் உள்ளதோ ஐந்து கட்டை. இருவராவது ஓர் அறையில் சேர்ந்து நின்றால்தான் அது ஆகும்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் இப்போது கேட்கும் சத்தத்தை அயல்வீட்டார் மன்னிப்பார்களாக. "கறுப்பு! எனக்கு அஞ்சும் கறுப்பு! வாங்கம்மா!" "நில்லுங்க மனே, வாறன்!" "அப்பா, அந்தப் பக்கம் போகாதீங்க, அங்க வழி இல்ல, இஞ்சால வாங்க!" பகல் முழுவதும் "கொப்பியை எடு, பல்லை விளக்கு, சப்பாத்தைக் கழற்று" என்று நாங்கள் ஏவுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தப் பத்து நிமிடம் எங்களை ஏவுகிறாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. வேகத்தில் கண்ணும் கையும் எங்களைவிட அவளுக்கே நன்றாக ஓடுகின்றன.

போட்டியில்லாத, எல்லோரும் ஒரே கட்சியாக நின்று ஆடும் பலகை விளையாட்டுகள் புதியவை அல்ல. கனடாவில் ஜிம் டீக்கோவ் என்பவர் 1970களின் தொடக்கத்திலிருந்தே அப்படிப்பட்டவற்றை ஆக்கி விற்றுவந்தார். ஜெர்மனியில் 1986இல் வந்த 'பழத்தோட்டம்' என்ற விளையாட்டில் சின்னப் பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து, காகம் வருமுன் பழங்களைப் பறித்துவிட வேண்டும். 2008இல் வந்த 'பண்டமிக்' என்ற விளையாட்டில், உலகில் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து கட்டுப்படுத்த வேண்டும். வைத்தியர்களாகிய எங்களுக்கு அதில் ஒரு தனி ஆசை உண்டு என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் கடிகாரம் இல்லாத கூட்டு விளையாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. யோசிக்க நேரம் இருப்பதால், அதிகம் தெரிந்தவர் மற்றவர்களுக்கும் சேர்த்து யோசிக்கத் தொடங்குவார். "நீ இதை அங்கே வை, அதுதான் நல்லது" என்பார். மேசையில் தாயும் பிள்ளையும் இருந்தால் அந்தத் தெரிந்தவர் யார் என்று சொல்ல வேண்டுமா? பிள்ளையின் கை காயை நகர்த்தும், விளையாடுவது அம்மாவாக இருக்கும். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளை செய்ததாகக் கொண்டுபோகும் எரிமலைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எத்தனையைப் பிள்ளைகள் செய்தார்கள் என்பதை இந்த மண்டபத்தில் இருக்கும் ஆசிரியைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கடிகாரம் வந்தால் நிலைமை மாறும். தன் ஐந்து கட்டையைப் பார்க்கவே நேரம் போதாத தாய், பிள்ளையின் கட்டையை எப்படிப் பார்ப்பாள்? மேற்பார்வை பார்க்கிறவருக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளை தன் பங்கைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நம்பிக்கை பிள்ளைக்கு விளங்கும். வீட்டில் வேறு எந்த வேலையிலும் கிடைக்காத ஒரு தகுதி அவளுக்குக் கிடைக்கிறது. உதவியாளாக அல்ல, கூட்டாளியாக இருக்கிறாள்.

இதே நோக்கத்தை இன்னொரு விதமாகச் செய்திருக்கும் விளையாட்டு ஒன்றும் உண்டு. 2017இல் வந்த 'மஜிக் மேஸ்'. டென்மார்க்கைச் சேர்ந்த காஸ்பர் லாப் ஆக்கியது. அதில் காய்கள் நான்கும் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருவர் வடக்கே மட்டும் நகர்த்தலாம், இன்னொருவர் கிழக்கே மட்டும் நகர்த்தலாம் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கும். மணற்கடிகாரம் ஓடும்போது பேசக்கூடாது. "நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பார்" என்று உணர்த்த ஒரு பெரிய சிவப்புக் காயை எடுத்து அவர் முன்னால் தட்டி வைக்கலாம், அவ்வளவுதான். சொல்லப் பழக்குவது ஒன்று, பேசாமல் மற்றவரைக் கவனிக்கப் பழக்குவது மற்றது. இரண்டும் வேண்டியவையே.

வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றியே பேசுவதாக யாரும் குறைபட வேண்டாம். நேரத்தோடு ஓடும் கூட்டு வேலையை நமது கரை நன்றாக அறியும். கல்லடிக் கடற்கரையில் காலையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கக் கயிறும் ஒத்து வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். அங்கே ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அழகுக்காக மட்டும் அல்ல. எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காக. வசந்தன் கூத்தில் கோலடிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். ஒருவர் கோல் பிந்தினால் அடுத்தவர் கோல் வெறுங்காற்றில் அடிக்கும். கண்ணகி அம்மனுக்காக நடக்கும் கொம்புமுறியை எடுத்துக்கொள்ளுங்கள். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கொம்பைக் கொம்போடு மாட்டி இழுக்கும். பார்க்கிறவருக்கு அது கடும் போட்டி. ஆனால் யார் கொம்பு முறிந்தாலும் அம்மன் குளிர வேண்டும், மழை பெய்ய வேண்டும், நோய் நீங்க வேண்டும் என்பதே இரண்டு சேரிக்கும் உள்ள வேண்டுதல். போட்டிக்கு அடியிலும் ஒரு கூட்டு இருந்ததை நம் முன்னோர் மறக்கவில்லை. நமது பிள்ளைகளிடம் இன்று எஞ்சியிருப்பது இழுவை மட்டும்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம், இசற் புள்ளி என்று ஒருவரை ஒருவர் முந்துவதே வாழ்க்கை என்றாகிவிட்டது. எவரோடு சேர்ந்து எதை இழுக்கிறோம் என்று கேட்க நேரமில்லை.

இனி வைத்தியசாலைக்கு வருவோம். நோயாளியின் இதயம் நின்ற வேளையில் சுற்றி நிற்கும் ஐந்தாறு பேருக்கும் முறை வைத்து வேலை செய்ய நேரமில்லை. ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் சுவாசம் கொடுப்பார், ஒருவர் மருந்து ஏற்றுவார், ஒருவர் நேரம் சொல்வார். சொன்னது கேட்டதா என்பதை, கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். அங்கே மிக ஆபத்தானது, கண்டும் சொல்லாத வாயும், சொல்லியும் கேளாத காதும்.

உலகெங்கும் வைத்தியர்களுக்குப் பாடமாகிவிட்ட ஒரு துயரம் உண்டு. 2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலேன் புரொமிலி என்ற 37 வயதுத் தாய், சைனஸ் சத்திரசிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டபோது மூச்சு விட முடியாத நிலைக்கு ஆளானார். அனுபவம் மிக்க வைத்தியர்கள் வாய்வழியே குழாய் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். நிமிடங்கள் ஓடியதை அவர்கள் உணரவில்லை. கழுத்தில் துளையிட்டு மூச்சுக் கொடுக்கும் கருவிகளை ஒரு தாதி கொண்டுவந்து, ஆயத்தமாக இருக்கிறது என்று சொன்னார். அந்தச் சொல் காதில் ஏறவில்லை. அதற்கு மேல் வற்புறுத்த அங்கிருந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. பதின்மூன்று நாட்களின் பின் எலேன் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. விமானத்தில் தலைமை விமானி தவறும்போது துணைவிமானி சத்தமாகச் சொல்லப் பயிற்றப்படுகிறார், வைத்தியசாலையில் ஏன் அப்படி இல்லை என்று அவர் கேட்டார். பழி வாங்கப் புறப்படாமல், இந்தக் கேள்வியை வைத்தியர்களிடம் கொண்டுபோவதையே தம் பணியாக்கிக்கொண்டார்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு சிறிய வரி உண்டு. கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை திறப்பது எளிது என்பதே அதன் நோக்கம். உலகின் எட்டு நகரங்களில் எட்டு வைத்தியசாலைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. பட்டியலில் மருந்து, கருவி பற்றிய சரிபார்ப்புகளும் உண்டு. எல்லாப் புகழும் அந்த ஒரு வரிக்கு உரியதல்ல. ஆனால் அந்த வரி அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு.

சிறியவர் சொன்னதைப் பெரியவர் கேட்ட கதையும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை, தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறையில் இருந்த டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமி இதுதான் என்று சொன்னாள். விடாமல் சொன்னாள். தகப்பன் கேட்டார், காவலாளியிடம் சொன்னார், கரையில் நின்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், உயிர் தப்பினார்கள். அதே காலை நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் சில இருக்கைகள் வெறுமையாக இருப்பதற்கு அந்தக் காலைதான் காரணம். நமது கரையில் அன்று சொல்லவும் கேட்கவும் நேரம் இருக்கவில்லை. நேரம் இருக்கிற இடங்களிலாவது சொல்லவும் கேட்கவும் தெரிந்தவர்களாகப் பிள்ளைகளை வளர்ப்பது, போனவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கடமை.

விளையாட்டு மேசையில் பழகியது வெளியே வருமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மகள் ஐந்தாம் தரத்தில் இருந்தபோது காலை வேளைகளில் வயிற்றுநோ என்று சொல்லத் தொடங்கினாள். பரிசோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் மனத்தில் உள்ள பாரம் வயிற்றுநோவாக வருவது வைத்தியர்கள் அறிந்ததுதான். ஆனால் என்ன பாரம் என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்பாள். ஒரு நாள் இரவு குசினிக்கு வந்து கதவோரமாக நின்று, "அம்மா, எனக்கு அஞ்சும் கறுப்பு" என்றாள். விளையாட்டுப் பெட்டி அப்போது அலுமாரியில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் அறைக்குப் போனோம். தகப்பனும் வந்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள். மேலதிக வகுப்பொன்றில் மாதிரி வினாத்தாள் புள்ளிகளைப் பெயரோடு உரத்து வாசிக்கிறார்கள், குறைந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், நிற்கும்போது கால் நடுங்குகிறது. அந்த வகுப்பை மாற்றினோம். வயிற்றுநோவும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆறு சொல்லில் விளக்க முடியாத ஒன்றை இரண்டு சொல்லில் சொல்ல அந்த விளையாட்டு ஒரு மொழியைக் கொடுத்திருந்தது. கறுப்பு விழுவது யாருடைய குற்றமும் அல்ல என்பதை அவள் நூறு தடவை கண்டிருந்தாள். அம்மாவுக்கும் கறுப்பு விழும், அப்பாவுக்கும் விழும், அவர்களும் "வா மனே" என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவளுக்குக் கூப்பிட வெட்கம் இருக்கவில்லை. பெரியவர்கள் உதவி கேட்பதைப் பார்க்காத பிள்ளைக்கு உதவி கேட்க வராது.

நமது ஊர் இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. நாங்கள் இந்தக் கல்லூரியில் வெள்ளைச் சீருடையோடு ஓடித்திரிந்த காலம், போர்க்காலம். 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் பின்னால் நின்றார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு வந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். வீடு இழந்த, தகப்பனை இழந்த பிள்ளைகள் அங்கே வந்தார்கள். மருந்தாக அங்கே இருந்தது பெரும்பாலும் விளையாட்டும் கலையும், பொறுமையோடு பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும்தான். சிறுவர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தில் 31ஆவது உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2018இல், பெற்றோருக்கு மருந்துச் சீட்டு எழுதுவதுபோல விளையாட்டையும் எழுதிக் கொடுங்கள் என்று தன் வைத்தியர்களுக்கு அறிவுரை சொன்னது. ஆகவே வைத்தியருக்கு வேறு வேலை இல்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். இதுவும் வேலைதான்.

சீட்டு எழுதுவதானால் அளவும் எழுத வேண்டும் அல்லவா?

நேரம், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கைத்தொலைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளைகளும், வெடிச்சத்தத்தின் நினைவு இன்னும் நீங்காத பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு விளையாடும்போது மேளத்தையும் சேகண்டியையும் நிறுத்திவிட்டு மணற்கடிகாரத்தை வையுங்கள். முதல் நாட்களில் கடிகாரமே இல்லாமல் விளையாடலாம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இது கடினம். அவர்களுக்குப் பழத்தோட்டம் போன்ற எளியவை போதும்.

பெட்டி இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சாதாரணத் தாயக்கட்டைகள் ஆளுக்கு நான்கு. ஒன்று விழுந்தால் கறுப்பு, கட்டை பூட்டு. ஆறு விழுந்தால் பொன், இரண்டு கட்டைக்குத் திறப்பு. பழைய கொப்பி மட்டைகளை வெட்டி இருபது அறை செய்யுங்கள். ஒவ்வோர் அறையிலும் நுழைவதற்கு வேண்டிய இலக்கங்களை இரண்டிலிருந்து ஐந்துக்குள் பிள்ளையே எழுதட்டும். ஓர் அறையைக் கல்லடிப் பாலமாக்குங்கள், ஒன்றைக் கோட்டையாக்குங்கள், ஒன்றைப் பாடும்மீன் இருக்கும் இடமாக்குங்கள். எல்லோரும் பாலத்தைக் கடந்தால் வெற்றி. செலவு அதிகம் ஆகாது.

தோற்றால் என்ன செய்வது? அடிக்கடி தோற்பீர்கள். அதுவும் நன்மைக்கே. லூடோவில் பிள்ளை தோற்றால் எதிரில் வென்றவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். இதில் தோற்றால் எல்லோரும் ஒரே பக்கம் இருந்து, எங்கே பிழைத்தது என்று பேசலாம். எங்கள் வீட்டில் விளையாட்டு பத்து நிமிடம் என்றால் அந்தப் பேச்சு இருபது நிமிடம். பிள்ளை மனம் விட்டுப் பேசுவது அந்த இருபது நிமிடத்தில்தான்.

ரொரன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள் இல்லை என்று நீங்கள் கவலைப்படுவது எங்களுக்குத் தெரியும். இந்த விளையாட்டுக்கு வேண்டிய தமிழ் இருபது சொல்தான்: வா, நில், இங்கே, அங்கே, திற, சாவி, கறுப்பு, கெதியா. அவசரத்தில் வாயில் வருவது திருத்தமாக இருக்க வேண்டியதில்லை, யாரும் சிரிக்கவும் நேரமில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அம்மம்மாவையும் மேசைக்கு அழையுங்கள். கதை பேச மொழி இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவும் பேத்தியும், பத்து நிமிடம் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக் கத்துவார்கள்.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் முதலாம் இடத்துக்குக் கேடயமும், இரண்டாம் இடத்துக்குப் புத்தகமும் கொடுத்து வந்திருக்கிறது. அது தொடரட்டும். அதோடு, நூலகத்தின் ஒரு மூலையில் ஓர் அலுமாரி வைப்போம். கூடி விளையாடும் விளையாட்டுகள் அதில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணப்பெட்டியில் ஒன்றைக் கொண்டுவரலாம். உள்ளூரில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றைச் செய்து கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பின் ஓர் ஆசிரியையும் ஒரு பழைய மாணவியும் பிள்ளைகளோடு மேசையில் அமரட்டும். ஆசிரியைக்குக் கறுப்பு விழுந்தால் ஆறாம் தரத்துப் பிள்ளை போய்த் திறக்கட்டும்.

அப்படிப் பழகிய பிள்ளை நாளைக்கு நோவோடு ஒரு வாட்டில் படுத்திருக்கலாம், அல்லது அதே வாட்டில் தாதியாகவோ வைத்தியராகவோ நிற்கலாம். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவளுக்குக் கூப்பிடத் தெரிந்திருக்கும், கூப்பிட்டால் போகவும் தெரிந்திருக்கும். இந்தக் கல்லூரி எங்களுக்கு நிறையக் கற்றுத் தந்தது. எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுப்போம்.